ஐப்பசியில் இறுகும் கதவு

எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கிற பாத்ரூம் கதவு ஐப்பசி பிறந்தால் மூடாது. சித்திரையில் ஒழுங்காக இருக்கும். மரக்கதவு, மழைக்கு உப்பத்தான் செய்யும் என்று மூன்று வருடம் ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்து இழைத்து, கடைசியில் கதவே ஒல்லியாகிப் போய் பிவிசி கதவு மாற்றினேன். அடுத்த ஐப்பசியில் அதுவும் நிலையில் உரசிக்கொண்டு நின்றது. பிளாஸ்டிக் எப்படி உப்பும்? உப்புவது கதவு இல்லை, வீட்டுக்கு அடியில் இருக்கிற மண் என்று அப்போதுதான் உறைத்தது.

வீடு திருமங்கலம் பக்கம். சுத்தக் கரிசல். கோடையில் வெடித்த வெடிப்பில் சின்ன வயதில் எத்தனை கோலிக்குண்டு தொலைத்திருப்பேன்! பருத்திக்குத் தங்கமான மண்தான், வீட்டுக்கு ஆகாது. என் வீட்டைக் கட்டிய அதே கொத்தனார் அதே வருடம் மேலூர்ப் பக்கம் செம்மண்ணில் என் மச்சானுக்கும் ஒரு வீடு கட்டினார், அதில் இன்றுவரை ஒரு கீறல் கிடையாது. நான்தான் ஊரெல்லாம் அவர் சிமென்டைக் குறைத்துவிட்டார் என்று சொல்லித் திரிந்தேன். பாவம் அந்த மனுஷன்.

பாலிடெக்னிக்கில் சிவில் நடத்தும் நண்பன் ஒருவன் வந்து, பின்மூலையில் ஒரு பிடி மண் எடுத்துப்போய்க் காயவைத்துச் சலித்து, அளவுக்கோடு போட்ட இரண்டு கண்ணாடிக் குடுவையில் பத்துப் பத்து கிராம் போட்டான். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்ணெண்ணெய். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் மண்ணெண்ணெயில் கிடந்த மண் அடியில் அப்படியே படுத்திருக்கிறது, தண்ணீரில் கிடந்தது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரத்துக்கு வந்துவிட்டது. இது தெரிந்திருந்தால் வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டும் முன்பே பார்த்திருக்கலாம். எங்களுக்கு நாலடி வானம் தோண்டி, கருங்கல் போட்டு, மேலே சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் ஓட்டினார்கள். நாலடியிலும் கரிசல்தான். அதைத் தாண்டி கிராவலோ பாறையோ வருகிற வரைக்கும் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால், ரூர்க்கியில் இருக்கிற மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாதிரி மண்ணுக்கென்றே கொண்டுவந்த, அடிப்பக்கம் குடம் போலப் பருத்த பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்குகிற கான்கிரீட் தூண், போட்டிருக்க வேண்டும்.

வீடு மொத்தமும் ஒரே சீராக ஏறி இறங்கினால்கூடப் பரவாயில்லை என்றான் நண்பன். ஒரு மூலை மட்டும் ஏறுவதுதான் சுவரைக் கிழிக்கிறது. எங்கள் வீட்டில் ஜன்னல் மூலையில் தொடங்கி, செங்கல் இணைப்பு வழியாகப் படிக்கட்டு மாதிரி சரிந்து போகிற விரிசல். அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தேன். பங்குனியில் அதற்குள் ஒரு ரூபாய்க் காசு நுழைந்தது, கார்த்திகையில் விசிட்டிங் கார்டுகூடப் போகவில்லை. பூச்சில் மட்டும் மயிரிழையாக வருகிற விரிசலுக்கு யாரும் பயப்பட வேண்டாம். இப்படி மூச்சு விடுகிற விரிசல்தான் ஆபத்து.

சரி, அந்த மூலைக்கு மட்டும் ஏன்? மொட்டைமாடித் தண்ணீர் முழுக்க அங்கேதான் இறங்குகிறது. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு எல்லாரும் மழைத்தண்ணீரை மண்ணுக்குள் இறக்குகிற தொட்டி போட்டோம், நல்ல காரியம்தான். ஆனால் இடம் மிச்சம் என்று சுவரிலிருந்து ஒன்றரை அடியில் போட்டது என் புத்தி. மழை பெய்யப் பெய்ய அஸ்திவாரத்துக்கே ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முன்பக்க வேம்பு தன் பங்குக்குக் கோடையில் ஈரத்தை உறிஞ்சுகிறது. வெட்டிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். வளர்ந்த மரத்தைத் திடீரென்று வெட்டினால் அது குடித்துக்கொண்டிருந்த ஈரம் மண்ணிலேயே தங்கி, அந்தப் பக்கமும் உப்ப ஆரம்பிக்குமாம்.

மதுரைக்குள் இருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். தல்லாகுளம், பீபீகுளம், மாடக்குளம், உலகநேரி என்று பெயரிலேயே தண்ணீர் இருக்கிற ஊர் இது. புறநகரில் பள்ளத்தில் லாரி லாரியாகக் கட்டட இடிசலைக் கொட்டி, மேலே ஒரு சுற்று செம்மண் தூவி பிளாட் என்று விற்கிறார்கள். அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்காத மண் வீட்டுப் பாரம் ஏறினதும் இஷ்டத்துக்கு அமுங்கும். அதுபோகப் பழைய தெருக்களில் ரோட்டு மேல் ரோடு போட்டு வீடெல்லாம் பள்ளத்துக்குள் போய், தெருத் தண்ணீர் வாசலிலேயே நிற்கிறது. தரைத்தளத்துக்குப் போட்ட அஸ்திவாரத்தின் மேல் மாடிக்கு மேல் மாடி எடுப்பது தனிக் கதை.

நான் செய்தது இவ்வளவுதான். பழைய தொட்டியை மூடி, தண்ணீரைப் பைப் வைத்துக் காம்பவுண்டு ஓரத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். வீட்டைச் சுற்றி நாலடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் சரிவாக, சிமென்ட் தளம் போட்டேன். போன ஐப்பசியில் கதவு லேசாக உரசியது, ஆனால் மூடியது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது விரிசலை அடைக்கச் சொல்லி வீட்டில் ஒரே சண்டை. சித்திரை வரட்டும், அந்தக் காசு உள்ளே போகிறதா என்று பார்த்துவிட்டு அடைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.