மானிட்டர் இல்லாத மாடி கம்ப்யூட்டர்

ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம் கரண்ட் போய்ப் போய் வந்தது. நாலாவது தடவை வந்தபோது, மாடி அறையில் இருந்த டெஸ்க்டாப்பின் மானிட்டர் மட்டும் இருட்டாகவே இருந்தது. ஓரத்தில் நீல விளக்கு எரிகிறது. சிபியு ஃபேன் சுற்றுகிறது. கேப்ஸ் லாக்கை அமுக்கினால் கீபோர்டில் பச்சை விளக்கு எரிந்து அணைகிறது. அதாவது கம்ப்யூட்டருக்கு உயிர் இருக்கிறது, முகம்தான் போய்விட்டது.

மறுநாள் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனேன்.

"பேக்லைட் ஸ்ட்ரிப் போயிருச்சு தம்பி. இந்த மாடலுக்கு ஸ்ட்ரிப் கிடைக்கிறது கஷ்டம்."

"தேடிப் பாருங்கண்ணே."

"தேடலாம். ஆனா அந்தக் காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிரலாமே."

புதுசு வாங்க மனமில்லை. மதுரை வெயிலில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அந்த அறையில் மே மாதம் மத்தியானம் யாரும் உட்கார முடியாது. கீழே ஹாலில் லேப்டாப் இருக்கிறது. டெஸ்க்டாப் மேலேயே கிடக்கட்டும், இங்கிருந்தே ஓட்டிப் பார்ப்போம் என்று இறங்கினேன். டெஸ்க்டாப்பில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ், லேப்டாப்பில் விண்டோஸ் 11. டெஸ்க்டாப்பின் முக்கிய வேலை, பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்த பக்கங்களை டெசராக்ட் எழுத்துணரியில் போட்டு யூனிகோடு தமிழாக எடுப்பது. விக்கிமூலம் என்ற இணைய நூலகத்துக்காகப் பொழுதுபோக்காகச் செய்கிறேன். இரவெல்லாம் ஓடும் வேலை அது, லேப்டாப்பில் போட்டால் மடியில் தோசை சுடலாம்.

முதலில் செய்தது அசட்டுத்தனம். டெஸ்க்டாப்பின் ஹெச்டிஎம்ஐயிலிருந்து லேப்டாப்பின் ஹெச்டிஎம்ஐக்குக் கேபிள் போட்டேன். ஒன்றும் வரவில்லை. வராது. சாதாரண லேப்டாப்பில் இருக்கும் அந்தத் துளை படத்தை வெளியே அனுப்ப மட்டும்தான், உள்ளே வாங்க வழி கிடையாது. இரண்டு வாய் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகின்றன, காது எதற்கும் இல்லை. யுஎஸ்பி கேப்ச்சர் கார்டு ஒன்று வாங்கினால் வெப்கேமரா மாதிரி படம் வரும். ஆனால் அதற்கும் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும்.

நெட்வொர்க் வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு, வேறு கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே நுழைந்து கட்டளை கொடுக்க விடும் எஸ்எஸ்ஹெச் சர்வர் டெஸ்க்டாப்பில் ஓட வேண்டும், உபுண்டு டெஸ்க்டாப்பில் அது தானாக வராது. அதை நிறுவத் திரை வேண்டும். திரை இல்லாததால்தானே எஸ்எஸ்ஹெச்சே தேவைப்படுகிறது! இந்த முடிச்சில்தான் ஒரு முழு ராத்திரி போனது. மற்றதெல்லாம் இதோடு ஒப்பிட்டால் பிள்ளை விளையாட்டு.

முடிச்சை அவிழ்த்தது செல்போன் டார்ச். எல்சிடி தானாக ஒளிர்வதில்லை. அது ஒரு கண்ணாடித் திரைச்சீலை, வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது. பேக்லைட் செத்தாலும் திரைச்சீலையில் கோலம் இருக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரைக்கு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தேன். உள்ளங்கை அளவு வட்டத்துக்குள் என் பெயரும் பாஸ்வேர்டு பெட்டியும் ஆவி மாதிரி தெரிந்தன. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

ஆனால் ஒரு கையில் டார்ச், ஒரு கையில் கீபோர்டு. பெரிய பட்டன்கள் தெரிகின்றன, கட்டளை அடிக்கும் டெர்மினலின் கறுப்புப் பின்னணியில் சின்ன எழுத்து தெரியவே இல்லை. அப்போதுதான் உபுண்டுவில் திரைவாசிப்பான் இருப்பது நினைவுக்கு வந்தது. ஓர்கா என்று பெயர். பார்வையற்ற நண்பர் ஒருவர் இதை வைத்துக்கொண்டு என்னைவிட வேகமாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஆல்ட், விண்டோஸ் கீ, எஸ் மூன்றையும் சேர்த்து அமுக்கினேன். ஸ்பீக்கரில் இயந்திரக் குரல் எழுந்தது. லாகின் திரையிலேயே இது வேலை செய்கிறது.

கண்ட்ரோல், ஆல்ட், டி. டெர்மினல் திறந்ததைக் குரல் சொன்னது. எஸ்எஸ்ஹெச் சர்வரை நிறுவும் கட்டளையை அடித்தேன், ஒவ்வொரு எழுத்தையும் அது திருப்பிச் சொல்லச் சொல்ல. நிர்வாகி அனுமதிக்கான சுடோ பாஸ்வேர்டு கேட்டது. அதை அடிக்கும்போது நல்ல மானிட்டரிலும் ஒன்றும் தெரியாது என்பதால் அந்த ஒரு வரியில் மட்டும் நானும் ஊராரும் சமம். பிறகு கடகடவென்று ஏதேதோ படித்தது, கடைசியில் "டு யூ வாண்ட் டு கன்டினியூ" என்றது. ஒய் தட்டி என்டர். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் இத்தனை மரியாதையாக என்னிடம் கேட்டு எதையும் செய்ததில்லை.

கீழே வந்து ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் டெஸ்க்டாப்பின் ஐபி முகவரியைப் பிடித்தேன். அதே பக்கத்தில் அந்த முகவரியை அதற்கே ஒதுக்கியும் வைத்துவிட்டேன். இல்லையென்றால் ரவுட்டர் நாளைக்கு வேறு எண்ணைக் கொடுக்கும், மறுபடி தேட வேண்டும். லேப்டாப்பின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் எஸ்எஸ்ஹெச், பயனர் பெயர், முகவரி. கைரேகை மாதிரி ஒரு நீள எழுத்துக்கோவையைக் காட்டி நம்பலாமா என்று கேட்டது, யெஸ் என்றதும் பாஸ்வேர்டு, உள்ளே போய்விட்டேன். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த டாட்டு யூலோனென், நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடிய பிறகு எழுதியது இந்த எஸ்எஸ்ஹெச். நெட்வொர்க்கில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கதவு எண் உண்டு. டெல்நெட் என்ற பழைய தொலை நுழைவுக்கு 23, கோப்பு அனுப்பும் எஃப்டிபிக்கு 21. இரண்டுக்கும் நடுவே காலியாக இருந்த 22ஐக் கேட்டு வாங்கினார். இன்றைக்கும் அதே எண்தான்.

அன்று இரவே எழுத்துணரி வேலையை ஓட விட்டேன். 340 பக்கம். லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் 57ஆம் பக்கத்தோடு நின்றிருந்தது. லேப்டாப்பை மூடியதும் தொடர்பு அறுந்தது, அது அறுந்ததும் அதற்குள் ஓடிய வேலையும் செத்தது. மறுநாளிலிருந்து டீமக்ஸ். அது டெஸ்க்டாப்பிலேயே இருந்துகொண்டு வேலையைப் பிடித்து வைத்திருக்கும். நாம் வரலாம், போகலாம், திரும்பி வந்து விட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

இத்தோடு நிறுத்தியிருந்தாலும் பாதகமில்லை. ஆனால் ஸ்கேன் பக்கங்களைக் கண்ணால் பார்த்து வெட்ட வேண்டும், அதற்கு முழுத் திரை வேண்டும். உபுண்டு செட்டிங்ஸில் ஷேரிங் என்ற பகுதியில் ரிமோட் டெஸ்க்டாப் இருக்கிறது. திரையை நெட்வொர்க் வழியாக அனுப்பும் முறைகளான ஆர்டிபி, விஎன்சி இரண்டும் உண்டு. விஎன்சி கேம்பிரிட்ஜில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான க்வென்டின் ஸ்டாஃபர்ட்-ஃபிரேசர்தான், 1991இல் அங்கே பல்கலைக்கழகக் கணினித் துறையின் காபிக் குடுவைக்கு முன் கேமரா வைத்து, காபி இருக்கிறதா என்று தன் மேசையிலிருந்தே பார்க்க வழி செய்தவர்களிலும் ஒருவர். என் கட்சிக்காரர். இருந்தாலும் விண்டோஸிலேயே ஆர்டிபி இருப்பதால் அதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

டார்ச் வெளிச்சத்தில் ஷேரிங்கை இயக்கினேன், பவர் போட்டதும் தானாக லாகின் ஆகும்படியும் வைத்தேன். ரீபூட். கீழிருந்து இணைத்தால் பாஸ்வேர்டு தவறு என்கிறது. அரை மணி நேரம் அதையே மாற்றி மாற்றி அடித்தேன். கடுப்பில் மாடிக்குப் போய் டார்ச் அடித்தால், நடுத்திரையில் ஒரு பெட்டி: கீரிங் பூட்டியிருக்கிறது, பாஸ்வேர்டு கொடு. கீரிங் என்றால் பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் இடம், ஆர்டிபியின் பாஸ்வேர்டு அதற்குள்தான் இருக்கிறது. தானாக லாகின் ஆனால் கீரிங் திறக்காது. யாருமே பார்க்காத திரையில் அது பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. கீரிங்கின் பாஸ்வேர்டை வெற்றாக்கியதும் சரியானது. அப்படிச் செய்தால் அதில் இருப்பவை வட்டில் பூட்டில்லாமல் கிடக்கும். வீட்டு மெஷின், வங்கிக் கணக்கு எதுவும் அதில் இல்லை என்பதால் ஒப்புக்கொண்டேன். அலுவலக மெஷினில் செய்ய மாட்டேன்.

எல்லாம் ஓடுகிறது என்று மானிட்டரைக் கழற்றிப் பரணில் போட்டேன். ரீபூட் செய்தேன். ஆர்டிபி அவுட். எஸ்எஸ்ஹெச் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல வேலை செய்தது.

அதில் நுழைந்து ஹெச்டிஎம்ஐ துளையின் நிலையைப் பார்த்தேன். 'டிஸ்கனெக்டெட்' என்று ஒரே சொல். உபுண்டு 22.04இன் ஷேரிங், இருக்கும் திரையைத்தான் பகிரும், திரையே இல்லாவிட்டால் பகிர ஒன்றுமில்லை. செத்த மானிட்டரைத் திரும்ப மாட்டியதும் எல்லாம் வந்துவிட்டது. மானிட்டரின் மெயின் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், அப்போதும் வந்தது! காரணம் ஈடிஐடி. ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஒரு சின்னச் சிப்பில் அதன் ஜாதகம் எழுதியிருக்கும். யார் செய்தது, எந்த ஆண்டு எந்த வாரம் செய்தது, எத்தனை சென்டிமீட்டர், என்னென்ன ரெசல்யூஷன் தாங்கும், எல்லாம் 128 பைட் துண்டுகளாக. அந்தச் சிப்புக்கு வேண்டிய 5 வோல்ட் ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே போகிறது. கம்ப்யூட்டர் ஜாதகத்தை மட்டும்தான் பார்க்கிறது, மாப்பிள்ளையைப் பார்ப்பதில்லை.

ஜாதகத்தை மட்டும் விற்கிறார்கள். டம்மி பிளக் என்று பெயர், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, சில நூறு ரூபாய். மாட்டியதும் தன்னை 4கே திரை என்று சொல்லிக்கொண்டது. லேப்டாப்பில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி, மவுஸ் நகர்த்தினால் அரை விநாடி கழித்து நகர்கிறது. 4கேயில் ஒரு ஃபிரேமே சுமார் 25 எம்பி. சுருக்கித்தான் அனுப்புகிறது என்றாலும், சுருக்கும் வேலையை என் பழைய பிராசஸர்தானே செய்ய வேண்டும். 1920க்கு 1080 என்று குறைத்ததும் ஒரு ஃபிரேம் 6 எம்பிக்கு இறங்கியது, கையும் மவுஸும் ஒன்றானது. உபுண்டு 24.04இல் மானிட்டரே இல்லாமல் தொலைவிலிருந்து லாகின் ஆகும் வசதி வந்துவிட்டது. மாறினால் டம்மி தேவைப்படாது. ஓடுகிற வண்டியில் கை வைக்க இப்போதைக்கு விருப்பமில்லை.

தமிழ்99 கீபோர்டு முறையில் அடிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். லேப்டாப், டெஸ்க்டாப் இரண்டிலும் தமிழை வைத்தால் எழுத்து கந்தலாகிறது. லேப்டாப்பை ஆங்கிலத்தில் விட்டு, டெஸ்க்டாப் பக்கம் மட்டும் தமிழ்99 வைத்தேன், சரியாக வருகிறது.

பவர் பட்டனை அமுக்க மாடி ஏறுவது மட்டும் பாக்கி. அதற்கு வேக் ஆன் லேன், அணைந்த மெஷினை நெட்வொர்க் வழியாக எழுப்பும் வசதி. பரணிலிருந்து மானிட்டரை மறுபடி இறக்கி, டார்ச் அடித்து, மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய் வேக் ஆன் லேனை இயக்கி, ஈஆர்பி என்ற மின்சிக்கன அமைப்பை அணைத்தேன். அது இயங்கினால் மெஷின் அணைந்ததும் நெட்வொர்க் கார்டும் அடியோடு தூங்கிவிடும். எழுப்பும் செய்தி வெறும் 102 பைட். ஆறு பைட் முழுக்க 255, பிறகு அந்தக் கார்டுக்கே உரிய மேக் முகவரி பதினாறு தடவை. பெயரைப் பதினாறு தடவை கூப்பிட்டால்தான் எழுந்திருக்கும் பிள்ளை எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது, நான்தான். செல்போன் ஆப்பிலிருந்து அனுப்பினால் அரை நிமிஷத்தில் எஸ்எஸ்ஹெச் திறக்கிறது. கரண்ட் அடியோடு போய் வந்தால் மட்டும் கார்டு காது கேட்பதில்லை. அதனால் கரண்ட் வந்ததும் தானாக எழும்படி பயாஸிலேயே வைத்துவிட்டேன்.

வெளியூரிலிருந்து நுழைய ரவுட்டரில் கதவு எதையும் திறக்கவில்லை. எஸ்எஸ்ஹெச்சின் 22, ஆர்டிபியின் 3389 எண்களைத் திறந்து வைத்தால் ஊர் உலகத்தில் இருக்கும் தானியங்கிகள் எல்லாம் வந்து தட்டும். இரண்டு மெஷினிலும், அவற்றுக்குள் மட்டும் பூட்டிய தனிவழி அமைக்கும் டெயில்ஸ்கேல் போட்டேன், பத்து நிமிஷ வேலை.

மூன்று வாரம் ஆகிறது. ஆர்டிபியை நாளுக்கு ஒரு தடவை, பக்கம் வெட்டும்போது மட்டும் திறக்கிறேன். மீதி எல்லாம் கறுப்பு டெர்மினலில்.

போன வாரம் அம்மா மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டுவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏண்டா, மாடி ரூம்ல யாரும் இருக்காய்ங்களா?"

"இல்லையேம்மா. ஏன்?"

"இங்கிலீஷ்ல யாரோ பேசுற மாதிரி இருக்கு. நேத்தும் கேட்டுச்சு. நீ இங்க உக்காந்து தட்டுறப்பல்லாம் பேசுது."

ஓர்கா. டார்ச் காலத்தில் உதவியாக இருக்கிறதே என்று விட்டுவைத்தது. எனக்கு இங்கே சத்தம் வராது, இந்த வெர்ஷனில் ஒலி ஆர்டிபி வழியே கீழே வருவதில்லை. நான் ஹாலில் உட்கார்ந்து ஆர்டிபியில் திறந்த ஒவ்வொரு கோப்பின் பெயரையும், அழுத்திய ஒவ்வொரு பட்டனையும் அது மாடியில் காலி அறைக்கு இத்தனை நாளாக உரக்கப் படித்துக்கொண்டிருந்திருக்கிறது.

கீழிருந்தே ஒரு வரிக் கட்டளையில் அணைத்தேன். அம்மா படியேறிப் போய்க் கதவருகே நின்று கேட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

"நின்னுருச்சு" என்றாள்.