ஹிஸ் என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும்

ஜூன் 3, வெள்ளவத்தை

மாலை ரியூஷன் வகுப்பில், ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பலகையில் இரண்டு வாக்கியங்கள் எழுதினேன். "ஒன்லி ஹிஸ் பிரதர் கேம்." "ஹிஸ் ஒன்லி பிரதர் கேம்."

"ரெண்டும் ஒண்டுதானே, மிஸ்?" என்று முன்வாங்கிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

ஒன்றே அல்ல. முதலாவதில் அவனுடைய சகோதரன் மட்டும் வந்தான், வேறு ஒருவரும் வரவில்லை. இரண்டாவதில் அவனுக்கு இருப்பதே ஒரு சகோதரன்தான். அவனோடு ஊரே திரண்டு வந்திருக்கலாம், வாக்கியம் அதைப் பற்றிப் பேசவில்லை. முன்னால் நிற்கும் ஒன்லி வினையடை, பின்னால் நிற்பது பெயரடை. வினையடை என்ற பெயரைப் பார்த்து, அது வினையை மட்டும்தான் தழுவும் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். ஒன்லி, ஈவன், ஜஸ்ட் எல்லாம் "ஹிஸ் பிரதர்" போன்ற ஒரு பெயர்த்தொடரை முழுதாகவே தழுவும்.

மை, ஹர், ஹிஸ் போன்ற உடைமைச் சொற்களை வாசற்படியாக நினைக்கச் சொன்னேன். ஈவன் படிக்கு வெளியே நிற்கும். "ஈவன் மை மதர்" சரி, "மை ஈவன் மதர்" ஆங்கிலமே இல்லை.

ஜூன் 5

படிக்கு உள்ளே வினையடை வரவே வராதா? வரும், பிடித்துக்கொள்ள ஒரு பெயரடை இருந்தால். "ஹிஸ் பாட்லி ரிட்டன் லெட்டர்" என்பதில் பாட்லி, ரிட்டனைப் பிடித்து நிற்கிறது. ரிட்டனை எடுத்துவிட்டால் "ஹிஸ் பாட் லெட்டர்" என்றுதான் எழுத வேண்டும். இன்று இவ்வளவுதான், மழையால் பாதிப் பேர் வரவில்லை.

ஜூன் 8

எனக்கு மிகவும் பிடித்த பாடம் இன்று. "ஹர் குவிக் ரீடிங் ஒஃப் த லெட்டர்." "ஹர் குவிக்லி ரீடிங் த லெட்டர்."

இரண்டிலும் ஹர் இருக்கிறது, ரீடிங் இருக்கிறது. அப்புறம் ஏன் ஒன்றில் குவிக், மற்றதில் குவிக்லி? ஒஃப்பைப் பாருங்கள் என்றேன். ஒஃப் வந்தால் ரீடிங் முழுப் பெயர்ச்சொல்லாகிவிட்டது, அதற்குப் பெயரடைதான் பொருந்தும். ஒஃப் இல்லாமல் லெட்டரை நேரே செயப்படுபொருளாக எடுத்தால், ரீடிங்குக்குள் வினை இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்கு வினையடை வேண்டும்.

தமிழிலும் இதே பிரிவு உண்டு. "அவளுடைய வேகமான வாசிப்பு", "அவள் கடிதத்தை வேகமாக வாசித்தது." ஆனால் இரண்டாவதில் நாம் "அவளுடைய" போடுவதில்லை. அதனால்தான் அந்த இடத்தில் ஹர், ஹிஸ் வருவது நம் பிள்ளைகளுக்கு ஒட்டாமல் இருக்கிறது.

ஆங்கிலேயரே இதில் சண்டை பிடித்திருக்கிறார்கள். "ஹிஸ் லீவிங்" இருக்க வேண்டிய இடத்தில் "ஹிம் லீவிங்" என்று எழுதுவதை, ஆங்கில நடை பற்றி எழுதிய ஃபவ்ளர் சகோதரர்கள் 1906 இல் வந்த 'த கிங்ஸ் இங்கிலிஷ்' நூலில் கண்டித்தார்கள். மூத்தவர் 1926 இல் தன் ஆங்கில வழக்கு அகராதியிலும் விடவில்லை. டென்மார்க் இலக்கண அறிஞர் யெஸ்பர்சன் அந்தக் கண்டிப்பை ஏற்கவில்லை. நான் யெஸ்பர்சன் பக்கம். பேச்சில் ஹிம் வந்தால் திருத்த மாட்டேன். பரீட்சையிலும் விண்ணப்பக் கடிதத்திலும் ஹிஸ் எழுதுங்கள் என்பேன், அங்கே அதில் ஒருவரும் குறை பிடிக்க முடியாது.

ஜூன் 9

பின்வாங்குப் பெடியன் ஒருவன், வழக்கமாக வாயே திறக்காதவன், இன்று கேட்டான்: "யெஸ்டர்டே வினையடை எண்டால், யெஸ்டர்டேஸ் பேப்பர் எப்பிடி வரும், மிஸ்?"

அருமையான கேள்வி. யெஸ்டர்டே, டுடே, டுமோரோ, டுநைட் ஆகியவை பெயர்ச்சொல்லாகவும் நிற்கும், அதனால் உடைமையைக் காட்டும் அப்போஸ்ட்ரபி எஸ் ஏற்கும். நாம் நேற்றைய பேப்பர், நாளைய கூட்டம் என்று சொல்வதுபோலத்தான். ஹியருக்கு அது நடக்காது. "ஹியர்ஸ்" என்று எழுதினால் "ஹியர் இஸ்" என்றுதான் பொருள்.

அவன் விடவில்லை. "த கேர்ள் நெக்ஸ்ட் டோர்ஸ் டோக்" எண்டால் நாய் கதவுக்குச் சொந்தமா என்று கேட்டான். இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத்தான். ஆங்கிலத்தில் அந்த எஸ் தனிச்சொல்லோடு ஒட்டுவதில்லை, முழுத் தொடரின் கடைசியில் ஒட்டுகிறது. அந்தக் கடைசிச் சொல் எதுவாக இருந்தாலும் சரி. இதை வைத்தே அடுத்த வகுப்பைத் தொடங்கப் போகிறேன். ஆளுக்கொரு ஆங்கிலப் பத்திரிகை கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.