சாயமும் இரும்பும்

மலையில் நிற்கும் தேயிலைக் கொழுந்தில் சாயம் கிடையாது. தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் நம்புவது குறைவு. பச்சைக் கொழுந்தைக் கிள்ளி நேரே கொதிநீரில் போட்டுப் பாருங்கள். வெளிறிய மஞ்சள் நீர்தான் வரும், நாக்கில் ஒரு துவர்ப்பு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். நாம் தேத்தண்ணி என்று தெரிந்து வைத்திருக்கும் சிவப்பு, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் கொழுந்து வந்து, இலையை முறுக்கும் ரோலரில் ஏறிய பிறகு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் பிறக்கிறது. அந்த இரண்டு மூன்று மணித்தியாலத்தைக் காவல் காப்பதுதான் என் வேலை.

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் டீமேக்கராக இருக்கிறேன். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, உயர்தரத்தில் இரசாயனவியல் படித்து, ஸ்டோருக்குள் உத்தியோகத்தனாக நுழைந்தவன். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரின் சென் கூம்ஸ் தோட்டத்தில்தான் இருக்கிறது. அதனால் இந்தப் பகுதியில் வேலை பார்ப்பவர்கள் காதில் விஞ்ஞானச் சொற்கள் அடிக்கடி விழும். ஆனால் அந்தச் சொற்கள் ஸ்டோர் வாசலோடு நின்றுவிடுகின்றன, கொழுந்து பறிக்கும் கைகள் வரை போவதில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்த கொழுந்தைக் காயவைத்து நிறுத்தால், அந்த எடையில் கால் பங்குக்கும் மேலே பொலிபீனோல்கள் என்ற துவர்ப்புச் சேர்வைகள். அவற்றில் பெரும்பகுதி கேட்டெக்கின்கள். முற்றிய இலையில் இவை குறைவு. கணக்குப்பிள்ளை கொழுந்து நிறுக்கும்போது கரட்டு இலையைக் கண்டு முகம் சுளிப்பதற்குப் பின்னால் இந்த இரசாயனமும் இருக்கிறது. கேட்டெக்கினுக்குத் தனியாக நிறமில்லை. கொழுந்தின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் அது ஒரு பைக்குள் அடைபட்டிருக்கிறது. அதை மாற்றக்கூடிய நொதியம், செம்பு அணுக்களைத் தன்னுள் வைத்திருக்கும் பொலிபீனோல் ஒட்சிடேசு, அதே கலத்தில் வேறோர் இடத்தில் இருக்கிறது. இரண்டும் சந்திக்காதவரை இலை பச்சை.

சந்திக்க வைப்பது ரோலர். ராத்திரி முழுவதும் தொட்டிகளில் காற்றுப் பிடித்து வாடிய கொழுந்து, நீரில் ஒரு பங்கை இழந்து துணி மாதிரித் துவண்டு வரும். அதை முறுக்கிப் பிழியும்போது கலங்கள் கிழிந்து சாறு வெளியே வருகிறது, காற்றிலுள்ள ஒட்சிசன் கலக்கிறது. இதை நொதித்தல் என்கிறோம், ஆனால் கள்ளும் தயிரும் போல இதில் நுண்ணுயிருக்கு வேலை இல்லை. எல்லாம் இலையின் சொந்த நொதியம் செய்வதுதான். முதல் தூள் சல்லடையில் இறங்கும்போது பச்சைப்புல் வாடை மூக்கில் ஏறும். கொஞ்ச நேரத்தில் அந்த வாடை மெல்ல மெல்லப் பழ வாசமாகத் திரும்பும். நொதிக்க விடும் படுக்கையில் இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பிய தூள், புளி போட்டுத் துலக்கிய செப்புக் குடத்தின் நிறத்துக்கு வரும். வெப்பமானி இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது, ஆனாலும் ஒரு பிடி தூளை அள்ளி மூக்கருகே வைக்காமல் உலர்த்தும் அடுப்புக்கு அனுப்பும் டீமேக்கரை நான் பார்த்ததில்லை.

அந்தச் செம்பு நிறத்துக்குள் நடப்பதைப் பிரித்துக் காட்டியவர் ரொபர்ட்ஸ். அசாமின் டொக்லாய் ஆய்வு நிலையத்தில் வேலை செய்த அவர், 1950களில் கறுப்புத் தேயிலையின் நிறப்பொருள்களை இரு கூட்டமாக்கித் தியாஃபிளேவின், தியாருபிஜின் என்று பெயர் கொடுத்தார். ஒருவகைக் கேட்டெக்கினில் ஓரிடத்தில் ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த ஐதரொட்சில் கூட்டங்கள் இரண்டு பக்கம் பக்கமாக இருக்கும், இன்னொரு வகையில் மூன்று. இரண்டு உள்ளதும் மூன்று உள்ளதும் ஒட்சியேற்றமடைந்து சேரும்போது, நடுவே ஏழு காபன் கொண்ட புதிய வளையம் ஒன்று உருவாகிறது. அதுதான் பொன் கலந்த செம்மஞ்சள், அதுதான் தியாஃபிளேவின். காய்ந்த தூளில் அது பெரும்பாலும் 2 வீதத்தைக்கூடத் தாண்டுவதில்லை. ஆனால் சாயத்தின் பளபளப்பும் நாக்கைச் சுண்டும் அந்தத் துடிப்பும் அதனால் வருபவை. தியாருபிஜின் அதைவிடப் பெரிய, குழப்பமான கூட்டம். ஆயிரக்கணக்கான சேர்வைகள் அதற்குள் இருக்கின்றன. கடும் நிறமும் வாயில் நிறையும் கனமும் அதன் பங்கு.

எங்கள் தலைவலி இங்கேதான். நேரம் போகப் போகத் தியாஃபிளேவின் ஏறி, ஓர் உச்சியைத் தொட்டு, பிறகு தியாருபிஜினாக மாறிச் சரியத் தொடங்கும். உச்சிக்கு முன்பே அடுப்பில் போட்டால் பச்சை வாடையும் கடும் துவர்ப்பும் நிற்கும். பிந்திப் போட்டால் கறுத்த, செத்த சாயம். அறை சூடானால் உச்சி சீக்கிரம் வரும், ஆனால் உயரம் குறையும். தை மாசியில் நுவரெலியா பக்கம் பனி கொட்டும் நாட்களில் மேற்குச் சரிவுத் தேயிலைக்கு நல்ல விலை கிடைப்பதற்குப் பல காரணங்கள். குளிர்ந்த அறையில் தூள் ஆறுதலாகப் பழுப்பது அவற்றில் ஒன்று. உலர்த்தும் யந்திரத்தில் 90 பாகைக்கு மேற்பட்ட காற்று பட்டதும் நொதியம் செத்துவிடும், ஈரம் 3 வீதமளவுக்கு இறங்கும், அதோடு கதை முடிந்தது. ரோலர்க்காரர்கள் ஸ்டோரின் காவல் தெய்வமான ரோதமுனிக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் யந்திரத்தைத் தொடுவார்கள். நானும் கும்பிட்டுவிட்டுத்தான் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

1883இலிருந்து நடக்கும் கொழும்பு ஏலத்துக்குப் போகும் எங்கள் தூளுக்குத் தரகர்களிடமிருந்து அறிக்கை வரும். ‘பிரைட்’, ‘பிரிஸ்க்’ என்று இருந்தால் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை முகத்தில் சிரிப்பு. ‘டல்’ என்று ஒரு சொல் இருந்தால் அன்று முழுவதும் ஸ்டோரில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ருசி பார்ப்பவர்கள் ஆறிய சாயத்தையும் கவனிப்பார்கள். நல்ல தேத்தண்ணி ஆறும்போது கலங்கிப் பால் படிந்த மாதிரி ஆகும். தியாஃபிளேவினும் தியாருபிஜினும் கஃபீனோடு கைகோத்துக் கரையாமல் பிரிவதால் வரும் கலங்கல் அது. அதைப் பழுது என்று நினைத்துக் கொட்டுபவர்கள் உண்டு. எங்களுக்கு அது நல்ல சகுனம்.

இந்தச் சேர்வைகளின் குணமே ஒட்டிக்கொள்வதுதான். எச்சிலிலுள்ள புரதத்தோடு ஒட்டுவதால் நாக்கில் துவர்ப்பு. பாலிலுள்ள கேசீன் என்ற புரதத்தோடு ஒட்டுவதால் பால் விட்ட தேத்தண்ணியில் துவர்ப்பு அடங்குகிறது. இதுவரை எல்லாரும் பேசுவார்கள். இரும்போடும் அது ஒட்டும் என்பதை எங்கள் தோட்டங்களில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

சலிக்கும் அறையில் வேலை செய்யும் அக்கா ஒருவருக்குக் கிளினிக்கில் இரத்தச்சோகை என்று சொல்லி இரும்பு மாத்திரை கொடுத்திருந்தார்கள். பத்து மணிக்கு ரொட்டியைத் தின்று, மாத்திரையை வாயில் போட்டு, கோப்பை நிறைய வெறுந்தேத்தண்ணியால் விழுங்குவார். ‘மாசக்கணக்கா முழுங்குறேன் ஐயா, படியேறுனா இன்னமும் மூச்சு வாங்குது’ என்றார். அன்று மத்தியானம் பட்டறையிலிருந்து துருப்பிடித்த ஆணி ஒன்றை எடுத்து வந்து, கண்ணாடிக் கோப்பையில் நல்ல சாயம் ஊற்றி, அதற்குள் போட்டு எல்லாருக்கும் தெரியும்படி ஜன்னலில் வைத்தேன். வேலை முடியும் நேரத்துக்குள் ஆணியைச் சுற்றி இருண்டு, அடுத்த நாள் காலையில் கோப்பை முழுவதும் மை. பள்ளிக்கூடத்து மைக்கூட்டைத் திறந்த மாதிரியேதான். ‘நம்ம சாயமா இப்படிக் கறுத்துருச்சு?’ என்று அந்த அக்கா கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ‘அப்ப வயித்துக்குள்ளயும் இதுதாங்களா நடக்குது?’

கிட்டத்தட்ட இதுதான். பக்கம் பக்கமாக நிற்கும் அந்த ஐதரொட்சில் கூட்டங்கள் இரும்பைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பருப்பு, கீரை, கோதுமை மா, மாத்திரை ஆகியவற்றிலிருந்து வரும் இரும்பு அப்படிக் கவ்வப்பட்டால் குடலால் அதை உறிஞ்ச முடியாது; அது உடம்புக்குள் சேராமலே வெளியே போய்விடும். மீன், இறைச்சியின் இரத்தத்தோடு சேர்ந்த இரும்புக்கு இந்தப் பாதிப்புக் குறைவு. ஆனால் லயத்துச் சாப்பாட்டில் மீனும் இறைச்சியும் எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், பாணோடு கறுப்புத் தேநீர் குடித்தவர்களுக்கு இரும்பு உறிஞ்சப்படுவது 79 முதல் 94 வீதம் வரை குறைந்திருந்தது. பால் சேர்த்தாலும் பெரிய மாற்றமில்லை என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. நாங்கள் கடிகாரம் பார்த்துப் பார்த்து வளர்க்கும் அதே குணம், பறித்துத் தரும் பெண்ணின் தட்டில் இருக்கும் இரும்பைத் தடுத்துவிடுகிறது என்று விளங்கியபோது, ஏலத்து விலையை மட்டும் பார்த்து வேலை செய்ய எனக்கு மனம் வரவில்லை.

தேத்தண்ணிதான் இரத்தச்சோகைக்குக் காரணம் என்று யாராவது எழுதினால் நான் எதிர்த்து நிற்பேன். தோட்டப் பெண்களின் உடம்பில் இரத்தம் குறைவதற்கு முதற்காரணம் சம்பளம். அந்தச் சம்பளத்தில் வாங்க முடிந்த சாப்பாடு, அடுத்தடுத்த பிள்ளைப்பேறு, சுமை, மழை, அட்டை எல்லாம் அதற்குப் பின்னால் வருகின்றன. குளிரில் நின்று பறிப்பவர்களிடம் இருக்கும் ஒரே சூட்டையும் பறிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் நேரத்தை மாற்றுவதற்குக் காசு தேவையில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி குடித்தால் தடுப்பது வெகுவாகக் குறைகிறது. கட்டச்சம்பலில் தேசிக்காய்ப் புளி தாராளமாக விட்டால் அதிலுள்ள விட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். கிளினிக்கில் இரும்பு மாத்திரையோடு விட்டமின் சி மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பது அதற்காகத்தான். மாத்திரைக்குத் தண்ணீரே போதும்.

இதைச் சலிக்கும் அறையில் சொன்னபோது எதிர்க்கேள்வி உடனே வந்தது. ‘காய்ஞ்ச ரொட்டி தொண்டையில எறங்கணும்ல ஐயா? வெறுந்தண்ணி குளுருது.’ நியாயமான கேள்வி. வெந்நீரைப் பிளாஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். பருப்புத் தண்ணியைக் கொஞ்சம் நீர்க்க வைக்கலாம் என்றார் இன்னொருவர். விடிய ஐந்து மணிக்கு எழுந்ததும் சாயத்தைக் குடித்துவிட்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்குப் போகும் முன் ரொட்டியைத் தின்றால் இரண்டும் ஒதுங்கி நிற்கும் என்பது அந்த அக்காவே கண்டுபிடித்த வழி. அதை அவர் லயத்தில் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னைவிட அவர் சொன்னால்தான் எடுபடுகிறது.

மலையில் நிலைமை வேறு. அங்கே பத்து மணிக்கு ரொட்டிப் பொட்டலம் பிரியும் அதே நேரத்தில்தான் தேத்தண்ணி வாளியும் போய்ச் சேரும்; அதைத் தீர்மானிப்பது பறிப்பவர்கள் இல்லை. துரையிடம் பேசினேன், ஆணி கிடந்த கோப்பையையும் கொண்டுபோய்க் காட்டினேன். கங்காணிமார் இரண்டு பேர் முணுமுணுத்தாலும், வருகிற மாதத்திலிருந்து இரண்டாம் மலைக்கு வாளி பதினொரு மணிக்குப் போகும் என்று முடிவாகியிருக்கிறது. பத்து மணிக்கு வெந்நீர் போகும். மற்ற மலைகளுக்கும் அதையே கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.