ஊட்டி ரயில் கதையில் மோடல் வினைகளும் உயிரொலிகளும்

ஆங்கிலத்தின் மோடல் துணைவினைகளை (அனுமதி, விதி, ஊகம் போன்றவற்றைக் காட்டும் கேன், மே, மஸ்ட், ஷுட் வகைச் சொற்களை) பட்டியலாக மனப்பாடம் செய்தால் கோடிட்ட இடத்தை நிரப்பிவிடலாம். பேச்சில் அது கைகொடுக்காது. பட்டியலில் ‘கேன்’ தனியாக நிற்பதால் அதை அழுத்திப் படித்துப் பழகுகிறோம். வாக்கியத்துக்குள் வந்தால் அதே சொல் பாதி விழுங்கப்படுகிறது. அதனால் இலக்கணத்தையும் உச்சரிப்பையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பழகுவது நல்லது. அதற்குப் பயணக் கதை தோதானது: அனுமதி, விதி, ஊகம், வருத்தம் எல்லாமே அதில் வந்துவிடும்.

மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 46 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 5 மணி நேரம். முதலில் கதையைப் பேச்சுத்தமிழில் பத்து வாக்கியமாக எழுதி, ‘லாம்’, ‘ணும்’ வரும் இடங்களை அடிக்கோடிடுங்கள். குழப்பம் முழுக்க அங்கேதான்.

‘மழை வரலாம்’ என்பது ஊகம்: இட் மைட் ரெயின். ‘இங்க உக்காரலாமா?’ என்பது அனுமதி: மே ஐ சிட் ஹியர்? ‘மத்தியானத்துக்குள்ள போயிடலாம்’ என்றால் வீ கேன் ரீச் பை நூன். ஒரே ‘லாம்’, மூன்று ஆங்கிலச் சொற்கள். தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றாமல், அது ஊகமா, அனுமதியா, இயலுமா என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு பிறகு மாற்றுங்கள்.

‘ணும்’ இன்னும் வம்பு. ‘முன்னாடியே புக் பண்ணியிருக்கணும்’ என்றால் செய்யாததற்கு வருத்தம்: வீ ஷுட் ஹேவ் புக்டு. ‘ரயில் இந்நேரம் கிளம்பியிருக்கணும்’ என்றால் உறுதியான ஊகம்: த ட்ரெயின் மஸ்ட் ஹேவ் லெஃப்ட். வினைமுடிவு ஒன்றுதான், இரண்டுக்கும் ‘ஷுட்’ போட்டால் ரயில் இன்னும் கிளம்பவில்லை என்றும் பொருள்படக்கூடும்.

எதிர்மறையில் மட்டும் தமிழ் நமக்கு உதவும். ‘வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது’: யூ மஸ்ன்ட் லீன் அவுட். குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். பயணிகள் அசைய வேண்டியதில்லை. ‘ரயில் மாறத் தேவையில்லை’: யூ டோன்ட் ஹேவ் டு சேஞ்ச் ட்ரெயின்ஸ். இங்கே ‘மஸ்ட் நாட்’ சொன்னால் மாறுவதே குற்றம் என்றாகிவிடும். ‘கூடாது’, ‘தேவையில்லை’ இரண்டையும் மனதில் சொல்லிப் பார்த்தால் தவறாது.

‘கேன் ஏபிள் டு’, ‘மஸ்ட் டு கோ’ இரண்டும் எங்கேயும் வராது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி வாய்க்கு. ‘வீ கேன் சீ த வேலி’ என்பதில் ‘சீ’, ‘வே’ இரண்டில் மட்டும் மேசையைத் தட்டுங்கள். ‘கேன்’ தட்டுக்கு வெளியே போய் ‘க்ன்’ அளவுக்குச் சுருங்க வேண்டும். குற்றியலுகரம் அரை மாத்திரையாகக் குறுகுவதைப்போல, க்-கும் ன்-னும் தெரியும், நடுவில் உயிரொலி இருந்தும் இல்லாத மாதிரி. எதிர்மறையில் நேர்மாறு: பிரிட்டிஷ் பேச்சில் ‘கான்ட்’ நெடிலாக, அழுத்தமாக வரும். அமெரிக்கப் பேச்சில் ‘கேன்ட்’டின் கடைசி ட் பல நேரம் காதில் விழாது; உயிரின் அழுத்தத்தை வைத்தே எதிர்மறை என்று புரிந்துகொள்கிறார்கள். நாம் ‘ஐ கேன் கோ’வில் ‘கேன்’ என்பதை அழுத்தினால் அவர்கள் காதில் ‘முடியாது’ என்று விழ வாய்ப்பு அதிகம். விதிவிலக்கு ஒன்று: ‘யெஸ், ஐ கேன்’ என்று வாக்கியம் அதிலேயே முடிந்தால் முழுதாகச் சொல்ல வேண்டும்.

‘குட்’, ‘வுட்’, ‘ஷுட்’ மூன்றிலும் ஒரே குறில் உ. எல் எழுத்துக்கு ஒலி கிடையாது. ‘ஷுட் ஹேவ்’ வேகத்தில் ‘ஷுடவ்’ ஆகும். ‘ஹேவ் டு’வில் வ் ஒலி ஃப் ஆகி ‘ஹேஃப்ட’ என்று வரும். நம் வழக்கப்படி ‘மஸ்ட்டு’ என்று கடைசியில் உகரம் சேர்த்தால் ஓர் அசை கூடி, தட்டு தப்பிவிடும்.

கதையில் ‘வாக் டு த லேக்’ என்று ஒரு வரி சேருங்கள். ‘வாக்’ என்றால் நடப்பது. வேலையைக் குறிக்க ‘வொர்க்’ என்று தமிழில் எழுதிப் பழகிய சொல்லை ஒகரத்தோடு சொல்வதால்தான் அது ‘வாக்’ போலக் கேட்கிறது. நடப்பதற்கு உதடு குவிய வேண்டும். வேலைக்கு, தொடக்க வகரம் முடிந்ததும் குவிப்பைத் தளர்த்தி, நாக்கை வாயின் நடுவில் வைத்து இழுக்க வேண்டும். கண்ணாடி முன் சொன்னால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

சோதிக்க, ‘கேன்’ ஐந்து, ‘கான்ட்’ ஐந்து எனப் பத்து வாக்கியங்களைக் கலந்து போனில் பதிவு செய்யுங்கள். எழுதியதைக் காட்டாமல் நண்பரிடம் கொடுத்து, எது முடியும், எது முடியாது என்று குறிக்கச் சொல்லுங்கள். எட்டுக்குக் கீழே வந்தால் ‘கேன்’ இன்னும் சுருங்கவில்லை; மேசைத் தட்டலுக்கே திரும்புங்கள்.

‘ஷல்’ இப்போதைக்கு ஒரு வரியில் போதும்: ஊட்டி வந்ததும் ‘இறங்கலாமா?’ என்று கேட்க, ஷல் வீ கெட் டவுன் அல்ல, ஷல் வீ கெட் ஆஃப்?