காரைக்குடிக் குறிப்புகள்: தானியமில்லா உலர்தீனி

ஏப்ரல் 7
நாய் சொறிந்தால் உடனே ‘கிரெயின் ஃப்ரீ’, அதாவது தானியமில்லா தீனி வாங்கச் சொல்வது இப்போது காரைக்குடி வரை வந்துவிட்டது. அதற்கு முன் காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உணவு ஒவ்வாமையே என்றாலும், நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை. அரிசி அபூர்வம். தானியமில்லா மூட்டைகள் பலவற்றிலும் கோழிதான் முதல் சரக்கு. கோழியை விட்டுவைத்து அரிசியை நீக்கினால் சொறி எப்படி நிற்கும்?

ஏப்ரல் 9
மாவுச்சத்து இல்லாமல் உருண்டை பிடிக்காது. அரிசி போன இடத்தில் பட்டாணி, கொண்டைக்கடலை, மசூர், உருளை, மரவள்ளி வந்து உட்காரும். லேபிளில் மாவுச்சத்து அளவைப் பெரும்பாலும் போடமாட்டார்கள்; நாமே கணக்குப் போடலாம். நூறு கிராமில் புரதம் 26, கொழுப்பு 14, நார் 4, ஈரம் 10, சாம்பல் (தாது உப்புகள்) 8 என்றால் கூட்டுத்தொகை 62. நூறில் மீதி 38, அதுதான் மாவு. சாம்பல் அளவு இல்லையென்றால் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தந்திரம்: பட்டாணி மாவு, பட்டாணிப் புரதம், பட்டாணி நார் என்று மூன்றாகப் பிரித்து எழுதுவார்கள். மூன்றையும் சேர்த்தால் பட்டாணி கோழியைத் தாண்டி எடை வரிசையில் முதலிடத்துக்கு வந்துவிடலாம்.

ஏப்ரல் 10
2018 ஜூலையில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ, பருப்பு வகைகளும் உருளையும் மிகுந்த தீனிக்கும் நாய்களின் இதயம் விரிந்து தளரும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று விசாரிப்பதாக அறிவித்தது. காரணம் இதுதான் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனாலும், தேவையில்லாமல் தானியமில்லா தீனிக்கு மாறாதீர்கள் என்பதே என் கட்சி. ஏற்கெனவே தின்னும் நாய் இருமினால், சீக்கிரம் களைத்தால், மயங்கி விழுந்தால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டும்.

பூனை கதை வேறு. டாரின் என்ற அமினோ அமிலம் குறைந்தால் பூனையின் இதயம் கெடும் என்பது 1987-லேயே உறுதியானது. நாய்த்தீனியில் அது போதாமல் போகலாம்; பூனைக்கு வைக்கவே கூடாது.

ஏப்ரல் 13
மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால்: முதல் மூன்று நாள் கால் பங்கு புதுசு, அடுத்த மூன்று நாள் பாதி, பிறகு முக்கால், பத்தாம் நாள் முழுசு. கழிச்சல் கண்டால் முந்தின அளவுக்குத் திரும்புங்கள். கருத்தடை செய்த 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 630 கிலோகலோரி. 100 கிராமில் 360 உள்ள தீனி என்றால் 175 கிராம். டம்ளர் கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள். மேலே கோழிக்குழம்பு ஊற்றுவதும் வேண்டாம். நம் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் எவ்வளவு என்று தெரியுமே. இரண்டும் நாய், பூனையின் இரத்த அணுக்களைச் சிதைக்கும்.

ஏப்ரல் 18
வெயில் ஏறினால் தீனியிலுள்ள கொழுப்பு கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். மூட்டையைப் பிரித்துக் கொட்டாமல் அப்படியே மூடியுள்ள டின்னுக்குள் இறக்கி, வளவில் நிழலான அறையில் வையுங்கள். ஒரு மாதத்தில் தீரும் அளவே வாங்குங்கள். எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்த் தட்டின் நடுவே தீனிக் கிண்ணம்.