மெலாக்சிகாம் ஏனுங்க போடல?

மெலாக்சிகாம் அழற்சியையும் வலியையும் குறைக்கும் மருந்து. மாதவிடாய் நின்ற பெண்களைப் போல எலும்பு மெலிந்த எலியின் காலை முறித்து, அது எப்படி ஒட்டுகிறது என்று பார்ப்பது நம் ஆய்வு. அதற்கு அனுமதி தரும் விலங்கு நெறிமுறைக் குழுக் கூட்டத்தில் கால்நடை மருத்துவர் கேட்டது அவ்வளவுதான். படிவத்தில் பதில் இருந்தது. எலும்பு முறிந்த முதல் சில நாள் அழற்சியில்தான் ஒட்டும் வேலை தொடங்குகிறது. மெலாக்சிகாம் போல, அழற்சியைத் தூண்டும் காக்ஸ்-2 நொதியைத் தடுக்கும் மருந்து அங்கேயே கை வைக்கும். அதனால் அபின் வகை வலி மருந்தான புப்ரெனார்பின் மட்டும்: கிலோவுக்கு 0.05 மி.கி., தோலுக்கடியில், 8 முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, மூன்று நாள்.

அவர் படித்துவிட்டு, "எங்க அம்மிச்சி இடுப்பு முறிஞ்சு கோயமுத்தூர்ல கெடந்தப்ப, வலிக்கு ஊசி போடாம விட்டாங்களாங்க?" என்றார், தம் பாட்டியைச் சொல்லி. குழு சிரித்தது, அனுமதியும் கிடைத்தது. கேள்விதான் இன்னும் போகவில்லை.

நம் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆறு மாதப் பெண் எலிக்கு இரு சூலகங்களையும் எடுத்து 12 வாரம் காத்திருப்பதே ஈஸ்ட்ரோஜன் குறைவை மட்டும் தனியே பிரித்துப் பார்க்கத்தான். சூலகம் போன எலி கூடுதலாகத் தின்று எடை போடும். அதனால் தீவனத்தை அளந்து வைக்கிறோம். தீவனத்தில் சோயா கூடாது, அதிலுள்ள ஐசோஃபிளேவோன் ஈஸ்ட்ரோஜன் போல நடந்து எலும்பு இழப்பை மறைத்துவிடலாம். (சோயாப் புண்ணாக்கு இல்லாத தீவனம் என்று நாமக்கல் பக்கம் கேட்டுப் பாருங்கள், ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.) கடைசியில் கருப்பை நூலாக மெலிந்திருக்கிறதா என்று அறுத்துப் பார்த்து உறுதி செய்கிறோம். இத்தனையையும் அடைத்துவிட்டு மெலாக்சிகாமுக்கு மட்டும் கதவு திறப்பதா?

ஆனால் புப்ரெனார்பினும் சுத்தமில்லை. அது ஏறிய எலி தீவனத்தை விட்டு மரத்தூளைத் தின்னும். காகிதப் படுக்கைக்கு மாற்ற வேண்டும், எடையும் இறங்கும். மருந்து போதாத எலியோ மயிர் சிலிர்த்து, கண்ணோரம் சிவப்பாகக் கசிந்து, முறிந்த காலைத் தரையில் ஊன்றாமல் மூலையில் குந்தியிருக்கும். ஊன்றாத காலில் சுமை விழாது, சுமை விழாத முறிவில் உருவாகும் புதிய எலும்பே வேறு மாதிரி. வலியும் ஒரு காரணிதான், அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. மெலாக்சிகாம் போன்ற அழற்சியைத் தடுக்கும் மருந்தைச் சில நாளில் நிறுத்திவிட்டால் எலியில் அதன் பாதிப்பு பெரும்பாலும் சரியாகிவிடுகிறது என்பதும் தெரிந்ததுதான்.

அம்மிச்சியைப் போல இருக்க வேண்டும் என்றால் வலி மருந்தோடு நிற்காது. 1984இல் பொன்னாரன்ஸ், ஐன்ஹார்ன் என்ற ஆய்வாளர்கள் சொன்ன முறைப்படி, முழங்கால் வழியே தொடை எலும்புக்குள் கம்பி செலுத்தி, எடையை விழவிட்டு நடுத்தண்டை முறிக்கிறோம். குறுக்கே நேராக முறிந்ததை வைத்துக்கொள்கிறோம், நொறுங்கியதை விலக்குகிறோம். அம்மிச்சிக்கு முறிந்ததோ மூட்டை ஒட்டிய பஞ்செலும்பில். சூலகம் எடுத்த எலியிலும் இழப்பு பஞ்செலும்பில்தான் பெரிது, தண்டில் கொஞ்சம்தான். போதாததற்கு, மனித எலும்பில் நடக்கும் ஹேவர்சியன் புதுப்பிப்பு (கெட்டி எலும்பைக் குடைந்து கரைத்துப் புதிதாகக் கட்டுவது) எலியில் இல்லை என்றே சொல்லலாம்.

கொறங்காட்டில் மேயும் மேச்சேரி ஆட்டில் செய்யலாமே என்பார்கள். வளர்ந்த செம்மறியில் ஹேவர்சியன் புதுப்பிப்பு உண்டு. ஆனால் சூலகத்தை எடுத்தால் மட்டும் எலும்பு போதிய அளவு கரையாது. சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டியும் குறைந்த தீவனம், மேலே ஸ்டீராய்டு ஊசி எல்லாம் வேண்டும். பெரிய விலங்கு என்றால் அனுமதிக்கு மத்தியக் குழு வரை போக வேண்டும். அவ்வளவு செய்த பிறகும் அது அம்மிச்சி ஆகிவிடுமா?

அடுத்த படிவத்தில் மூன்று நாள் மெலாக்சிகாம் போடும் எலிக்கூட்டம் ஒன்றைச் சேர்க்கலாம். அதற்கு இன்னொரு வரிசை எலிகளின் காலை முறிக்க வேண்டும், அவை எதற்கு என்று கேட்கப்போவதும் அதே மருத்துவர்தான்.