தறி ஓய்ந்த பிறகு ஒரு பாட்டு

சேலம் அம்மாப்பேட்டையில் விசைத்தறிச் சத்தம் அடங்கிய பிறகுதான் என் தம்பி பாட்டைப் பதிவு செய்ய உட்காருவான். சன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, வியர்வை வழியப் பாடிய அந்தப் பாட்டை ஒரு தனியார் பண்பலை நிலையத்துக்குக் கொண்டுபோனபோது, திரைப்பாடல்களைத் தவிர வேறெதுவும் ஒலிபரப்புவதில்லை என்று சொல்லித் திருப்பியனுப்பினார்கள். பென் டிரைவைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விளம்பர வருவாயை நம்பியிருக்கும் நிலையங்கள் தெரிந்த பாட்டையே திரும்பத் திரும்பப் போடுகின்றன. ஓர் ஊரின் அல்லது வளாகத்தின் மக்களுக்காக லாப நோக்கமின்றி நடக்கும் சமுதாய வானொலியின் கணக்கு வேறு. 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி தொடங்கியது. 2006ஆம் ஆண்டின் கொள்கை தன்னார்வ அமைப்புகளுக்கும் அந்த வாய்ப்பைத் திறந்தது. ஒலிபரப்புத் திறன் பொதுவாக 100 வாட்தான், சுற்றுவட்டாரத்துக்கு மட்டுமே எட்டும் என்றாலும், நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியேனும் உள்ளூரில் உருவாக வேண்டும் என்ற விதியைத்தான் எங்களைப் போன்றவர்களுக்கான வாசலாக நான் பார்க்கிறேன். அகில இந்திய வானொலியும் குரல் தேர்வு நடத்தி, தரம் பிரித்து, பாடுவோருக்கு ஊதியம் தருகிறது.

பண்பலை அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால் சேர்வராயன் மலை குறுக்கே நிற்கும் ஊர்களுக்கு அது எளிதில் எட்டாது. ஆனால் அம்மாப்பேட்டைத் தறிக்கூடங்களில் பகலெல்லாம் வானொலி பாடிக்கொண்டேயிருக்கிறது. எந்தத் தறி ஓய்வதற்காகத் தம்பி காத்திருந்தானோ, அதே தறியின் முன் நிற்பவர் அவன் குரலைக் கேட்க வேண்டும்.